ஃபெர்ரான் மணற்கல்லில் ரேடாரோடு ஆறு கோடைகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபெர்ரான் மணற்கல் மேல் ஆறு கோடைகளாகத் தரை ஊடுருவும் ரேடாரோடு நடந்திருக்கிறேன். ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் படமாக்கும் கருவி அது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கடலில் கலந்த இடத்தில் படிந்த மணல்தான் இந்தப் பாறை. இதே மாதிரிப் பாறைதான் பல நாடுகளில் நிலத்தடியில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கிறது. அங்கே இரண்டு கிணறுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அந்த ஆழத்தில், நில அதிர்வு அலைகளை அனுப்பிப் பார்க்கும் சீஸ்மிக் ஆய்வும் பத்து இருபது மீட்டருக்குக் குறைந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டாது. இங்கே செங்குத்துப் பாறைமுகத்தைக் கையால் தொட்டுப் படிக்கலாம். அந்த அடுக்கு உள்ளே எப்படிப் போகிறது என்பதை ரேடார் சொல்லும்.

என் கைக்குப் பழகியது 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. காய்ந்த மணற்கல்லில் அலை ஒரு நானோ செகண்டுக்கு ஏறக்குறைய 0.12 மீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்கில் அலைநீளம் 1.2 மீட்டர்; அதில் கால்பங்கு, அதாவது 30 செ.மீ. அடுக்கு வரை பிரித்தறியலாம். ஆழம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 200-ல் படம் கூர்மையாக வரும், ஆழம் குறைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மணலுக்கு நடுவே ஓடும் களி அடுக்குதான். முகப்பில் சாம்பல் நிறத்தில் இருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். எண்ணெயை நகரவிடாமல் மறிப்பது அதுதான். ரேடார் படத்தில் பளிச்சென்று கோடு போடுவதும் அதுதான். ஆனால் களி தடித்துவிட்டால் அலையை அப்படியே விழுங்கிவிடும், கீழே எதுவும் தெரியாது. மழை பெய்த மறுநாளும் இதே கதைதான்.

முதல் கோடையில் ஒரு பெரிய தவறு செய்தேன். படத்தில் 22 பாகை சாய்ந்த அழகான கோடு ஒன்று வந்தது. பழைய ஆற்றின் சரிவு என்று இரண்டு வாரம் நம்பி வரைந்தேன். அது பாறைக்குள்ளிருந்து வரவே இல்லை. கவசமில்லாத ஆன்டெனாவின் அலை காற்றில் போய், பக்கத்துப் பாறைமுகத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. காற்றில் வேகம் 0.3 மீட்டர், 12 மீட்டர் தள்ளியிருந்த முகப்பு, 4.8 மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் படத்தில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சாய்ந்த கோட்டையும் முதலில் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்புறம் அலையை அனுப்பும் ஆன்டெனா, வாங்கும் ஆன்டெனா இரண்டையும் படிப்படியாக விலக்கி, அந்த இடத்தின் பாறை வேகத்தை அளப்பேன். புதிதாக வருகிறவர்கள் இந்த அரைநாள் வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

போன கோடையில் ஒரு களி அடுக்கை முகப்பிலிருந்து உள்ளே 30 மீட்டர் வரை தொடர்ந்தோம். அங்கே ஒரு பழைய ஆற்றுக்கால் அதை அறுத்துவிட்டு, மணலோடு மணலாகச் சேர்ந்திருந்தது. எண்ணெய் தாண்டிப் போகக்கூடிய வாசல் அது. வெளியே நின்று பார்த்தால் அந்தக் களி ஒரு இடம்கூட விடாமல் நீள்கிறது.