இணையதளம் கட்ட முதல் மொழி: பைத்தானா, பிஹெச்பியா, ஜாவாஸ்கிரிப்டா?

தாராபுரத்தில் என் தாய்மாமா பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, பந்தி டேபிள், நாற்காலி என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அவருக்கு ஒரு இணையதளம் கட்டித் தரவேண்டும் என்பதற்காகத்தான் நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். என் பிழைப்பு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. பைத்தான், பிஹெச்பி, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் அந்த ஒரே கடைக்காகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது யாராவது "எதில் தொடங்கலாம்?" என்று கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் என்பதே என் பதில். அதிலும் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் தயார் நிரல்), என்பிஎம் (பிறர் எழுதிய நிரல்களை இறக்கித் தரும் கருவி) எதுவும் இல்லாமல், பிரவுசரில் நேராக ஓடும் வெறும் ஜாவாஸ்கிரிப்ட். ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். மூன்றும் இலவசம். மூன்றுக்கும் யூடியூபில் தமிழிலேயே பாடம் உண்டு. எதை எடுத்தாலும் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல், அதன் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் இரண்டும் முன்னால் தெரிந்திருக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவருக்கு இதில் ஏதோ ஒன்று ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் எடுத்தவருக்குப் பதினொன்றில் ஜாவாஸ்கிரிப்ட், பன்னிரண்டில் பிஹெச்பி. அந்தப் பழக்கம் ஒரு வாரம் மிச்சப்படுத்தும், அவ்வளவுதான்.

பைத்தானில்தான் நானும் ஆரம்பித்தேன், 2018-இல். படிக்க அழகான மொழி. நெளிவு அடைப்புக்குறி, அரைப்புள்ளித் தொல்லை கிடையாது. மூன்றே வாரத்தில் வாடகைக் கணக்குப் போடும் நிரல் ஒன்று எழுதிவிட்டேன். கறுப்புத் திரையில் ஓடியது. அதை ஒரு வலைப்பக்கமாக ஆக்குவது எப்படி என்ற இடத்தில் நின்றுபோனேன். அதற்கு ஃபிளாஸ்க் அல்லது ஜாங்கோ போன்ற ஒரு சட்டகம், அதாவது தளம் கட்டத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு, வேண்டும். ஜாங்கோவை எடுத்தால் மாடல், வியூ, டெம்ப்ளேட், மைக்ரேஷன் என்று ஒரு பெரிய வீட்டின் வரைபடத்தைக் கையில் கொடுப்பார்கள். அது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் வெளியான சட்டகம். அவசரமாகப் பெரிய தளங்கள் கட்டவேண்டியவர்களுக்கு அதெல்லாம் தேவை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு திண்ணை. ஜாங்கோவில் நான் இருந்தது ஒரே மாதம், அதனால் இந்தப் பத்தியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா பக்கம், ஏஐ பக்கம் போகும் எண்ணம் இருப்பவர் பைத்தானில் தொடங்குவதில் தப்பே இல்லை. நான் பேசுவது, முதல் மூன்று மாதத்தில் ஒரு பக்கத்தைச் செய்து நாலு பேருக்குக் காட்ட நினைப்பவரைப் பற்றி.

அப்புறம் பிஹெச்பி. இதன்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காகச் செய்துகொண்ட சின்னக் கருவி இது. அந்தச் சுபாவம் இன்னும் மாறவில்லை. ஹெச்டிஎம்எல் கோப்புக்கு நடுவே நாலு வரி எழுதி, சர்வரில் (பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பும் கணினியில்) ஏற்றினால் ஓடும். தளங்கள் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸின் சர்வர் பக்கம் இதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடையின் முதல் தளத்தை 2019-இல் பிஹெச்பியில் கட்டினேன். வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் வாடகையில் ஹோஸ்டிங் (தளம் வைக்க சர்வரில் இடம்) எடுத்து, பொருள் பட்டியலை மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் போட்டு, தினக்கட்டணத்தோடு பக்கத்தில் காட்டினேன். மூன்று வருடம் நன்றாக ஓடியது.

2022 டிசம்பரில், கார்த்திகை முகூர்த்தம் மும்முரமாக இருந்த சமயம், மாமாவிடமிருந்து போன்.

"மாப்ளே, நம்ம கடைப் பக்கம் வெள்ளையா வருதுங்கறாங்க. என்னன்னு பாரு."

"பாக்கறனுங்க மாமா, ராத்திரிக்குள்ள சரி பண்ணிடறேன்."

நான் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை. மாறியது சர்வர். பிஹெச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு அந்த நவம்பரோடு முடிந்திருந்தது. ஹோஸ்டிங்காரர்கள் எல்லோரையும் 8-க்கு ஏற்றிவிட்டார்கள். பழைய பாடம் ஒன்றைப் பார்த்து, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்க 'ஈச்' என்ற ஃபங்க்‌ஷனைப் பயன்படுத்தியிருந்தேன். 7.2-இலேயே அதைக் கைவிடச் சொல்லி எச்சரித்திருந்தார்கள், 8.0-இல் எடுத்தே விட்டார்கள். பிழைச் செய்தியைத் திரையில் காட்டாதபடி சர்வர் அமைப்பு இருந்ததால் வெறும் வெள்ளைப் பக்கம். மாற்றவேண்டியது மூன்றே வரி. ஆனால் அந்த மூன்று வரி எவை என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. பகலில் அலுவலகம், இரவில் நானே எழுதி நானே மறந்துபோன நிரல்.

இந்த இடத்தில்தான் என் தீர்ப்பு நிற்கிறது. முதல் மொழியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கற்பது எளிதா, கடினமா என்றே பார்க்கிறார்கள். கற்பது மூன்று மாதம். அதற்குப் பிறகு வருகிற பராமரிப்பு வருடக்கணக்கில் நீளும். புதிதாகக் கற்பவர் கட்டும் முதல் தளம் பெரும்பாலும் தெரிந்தவருக்காகத்தான் இருக்கும்: அக்காவின் தையல் கடை, ஊர்க் கோயில் திருவிழா, நண்பனின் டியூஷன் சென்டர். கட்டிக் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நாம் திரும்பிப் பார்க்காத இரண்டு வருடத்தில் அது தானாக நின்றுபோனால், கெடுவது நம்மை நம்பியவரின் வியாபாரம்.

பிஹெச்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சர்வரில் ஓடும் எதற்கும் இந்தப் பாடு உண்டு. ஜாங்கோ 4.0 வந்தபோது, பழைய பாடங்களில் முகவரிகளை எழுதப் பயன்பட்ட 'யூஆர்எல்' ஃபங்க்‌ஷனை எடுத்துவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான், பழையதைச் சுமந்துகொண்டே போகமுடியாது. ஆனால் பழைய வீட்டுக்குள் குடியிருப்பவருக்கு அந்த நியாயம் உதவுவதில்லை.

இங்கே ஜாவாஸ்கிரிப்டுக்கு வக்காலத்து வாங்கும்முன் அதன் மோசமான பக்கத்தையும் சொல்லவேண்டும். ஊரடங்குக் காலத்தில், 2020-இல், கடைக்கு ஒரு மதிப்பீட்டுக் கணக்கியை ரியாக்டில் செய்து வைத்திருந்தேன். பக்கம் வெள்ளையான அந்த வாரத்தில் அதைத் தூசு தட்டி ஏற்றிவிடலாம் என்று எடுத்தேன். புது லேப்டாப், அதில் நோட் 18 (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்). ஓட்டியதும் 'டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று ஒரு பிழை. நோட் 17-இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியிருந்தார்கள். என் திட்டத்துக்கு அடியில், கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் வெப்பேக் என்ற கருவியின் பழைய பதிப்பு இருந்தது. அது கோப்புகளுக்கு அடையாளம் போடப் பயன்படுத்திய ஹாஷ் முறையைப் புது ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்கவில்லை. வெப்பேக் என்ற பெயரையே நான் எங்கும் எழுதியதில்லை. நான் எழுதியது இருநூறு வரி. அதைத் தாங்கிக்கொண்டு நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதிய நிரல் பொதிகள், இருந்தன. 2016-இல் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் எடுத்துவிட, உலகம் முழுக்கத் திட்டங்கள் நின்றன. அதைச் செய்தியாகப் படித்திருக்கிறேன். என் வீட்டு மேசையில் அதே மாதிரி ஒன்று நடந்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தத் திட்டத்தை நான் தொடங்கப் பயன்படுத்திய கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியையும் 2025-இல் ரியாக்ட் குழுவே கைவிட்டுவிட்டது. பராமரிப்பு என்று பார்த்தால் நான் தொட்டதிலேயே ஆகக் கடினமானது இதுதான்.

அந்த ஆறு நாளில் இரண்டு இரவை ஒதுக்கி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, கட்டணப் பட்டியலுக்கு ஒரு ஜேஎஸ் கோப்பு, கணக்குக்கு இன்னொன்று. காலை டிபனுக்கு எத்தனை பேர், மதியம் எத்தனை பேர் என்று போட்டால் நாற்காலி, டேபிள், அண்டா அளவு, டம்ளர் எல்லாம் பட்டியலாக வரும். மூன்று பந்தி என்று வைத்துப் பேர் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நாற்காலிக் கணக்கு. இது மாமா சொல்லிக் கொடுத்த சூத்திரம்.

முதலில் போட்டுப் பார்த்தபோது காலை 300, மதியம் 450 பேருக்கு 3,00,450 டம்ளர் வேண்டும் என்று காட்டியது. பெட்டிக்குள் தட்டுகிற எண்ணை பிரவுசர் எழுத்தாகத்தான் தரும். பிளஸ் போட்டால் இரண்டு எழுத்துகளை ஒட்டிவிடும். 'நம்பர்' என்று சுற்றி எழுதியதும் 750 வந்தது. பிஹெச்பியில் இந்தச் சிக்கல் வராது. அங்கே ஒட்டுவதற்குப் புள்ளி தனியாக இருக்கிறது, பிளஸ் கூட்ட மட்டுமே. 1995-இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் செய்த மொழி இது. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. புதிதாகக் கற்பவர் இந்த மாதிரி நாலைந்து இடத்தில் இடறியே தீரவேண்டும். ஆனால் எஃப்12 தட்டினால், பிழைகளைக் காட்டும் கன்சோல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. எதையும் நிறுவவேண்டாம். எழுதி, பக்கத்தைப் புதுப்பித்து, உடனே பார்க்கலாம்.

ஆர்டர் வாங்க சர்வர் வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. பட்டியலை அப்படியே செய்தியாக்கி வாட்ஸ்அப் லிங்க் ஒன்றில் வைத்தேன். பட்டனை அழுத்தினால் மாமாவின் எண்ணுக்கு 'நாற்காலி 150, டம்ளர் 750' என்று நிரப்பப்பட்ட செய்தி திறக்கும். மொத்தத் தொகையை, இந்திய முறை வேண்டும் என்று குறிப்பிட்டால், ஜாவாஸ்கிரிப்டோடு வரும் 'டூ லோக்கேல் ஸ்ட்ரிங்' நம் ஊர் வழக்கப்படி 1,25,000 என்று லட்சத்துக்குக் கமா போட்டே தந்துவிடும். கோப்புகளை கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் பக்கங்களை வெளியிடத் தரும் சேவை அது, அதற்கு வாடகை கிடையாது. ஹோஸ்டிங்கை மறுபடி புதுப்பிக்கவில்லை.

அந்தக் கோப்புகளில் கணக்கு எழுதியிருக்கும் ஜேஎஸ் கோப்பை அன்றிலிருந்து நான் தொடவில்லை. பிரவுசர்கள் எத்தனையோ பதிப்பு தாண்டிவிட்டன. பக்கம் அப்படியே ஓடுகிறது. இது அதிர்ஷ்டத்தால் அல்ல, அந்த மொழியை நிர்வகிப்பவர்கள் பிடிவாதமாகக் காக்கும் ஒரு நெறியால். பழைய தளம் எதுவும் உடையக்கூடாது என்பதுதான் அது. 2018-இல் பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை விரிக்க 'ஃபிளாட்டன்' என்று ஒரு வசதி சேர்க்க நினைத்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரை வேறு மாதிரி பயன்படுத்தி வந்தது. புது வசதி வந்தால் அதை நம்பியிருந்த பழைய தளங்கள் சில உடையும் என்று தெரிந்தது. அந்தப் பழைய தளங்களைத் திருத்தச் சொல்லவில்லை. புது வசதியின் பெயரையே 'ஃபிளாட்' என்று மாற்றிக்கொண்டார்கள். யாரோ எப்போதோ கட்டிவிட்டு மறந்துபோன பக்கங்களுக்காக ஒரு மொழியே வளைந்து கொடுத்தது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியிருக்கவில்லை.

தமிழில் தளம் கட்டுபவருக்கு ஒரு சின்னத் தகவல். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பிஹெச்பியின் 'ஸ்ட்ர்லென்' 15 என்று சொல்லும், அது எழுத்தை விட்டு, சேமிக்க ஆகும் பைட்டை எண்ணுகிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்று சொல்லும், மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி. நம் கணக்குப்படி 3 வரவேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்டர்' என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது. பெயர்ப்பெட்டியில் எழுத்து வரம்பு வைக்கும்போது இது உதவும்.

இந்த வழியிலும் வேலை இல்லாமல் இல்லை. கட்டணம் மாறும்போது மாமா மகள் போனிலேயே கிட்ஹப்பைத் திறந்து பட்டியல் கோப்பைத் திருத்துகிறாள். ஒருமுறை இரண்டு பொருளுக்கு நடுவே கமா விட்டுப்போய், பட்டியலே வராமல் நின்றது. இப்போது திருத்தியதும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனை வைக்கிறாள். இன்னொன்று, கட்டணத்தை ஜேசன் (தகவலை எழுதி வைக்கும் ஒரு வடிவம்) கோப்பாக வைத்து, ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கட்டளையால் எடுக்க நினைத்தால், டபுள் கிளிக்கில் திறந்த பக்கத்தில் அது வேலை செய்யாது, பிரவுசர் தடுத்துவிடும். புதிதாகக் கற்பவர் இதில் ஒரு நாளைத் தொலைப்பார். ஜேஎஸ் கோப்பிலேயே பட்டியலாக எழுதிவிடுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல முடியாது, நிரல் எழுதும் வேலைக்கு நான் நேர்முகம் போனதில்லை. நேர்முகங்களில் ரியாக்ட்தான் கேட்கிறார்கள் என்று அந்த வேலையில் இருக்கும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்கட்டும். வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஆறு மாதம் கைபழகிய பிறகு அதற்குப் போங்கள். எது மொழி, எது அதன்மேல் கட்டிய சாரம் என்று அப்போது பிரித்துப் பார்க்க வரும்.

இப்போது மாமா புதிதாக ஒன்று கேட்கிறார். எந்தத் தேதியில் எந்த அண்டா வெளியே போயிருக்கிறது, எது திரும்பி வரவில்லை என்று கடையில் இருக்கும் மூன்று பேரும் அவரவர் போனில் பார்க்கவேண்டுமாம். இதற்கு டேட்டாபேஸ் இல்லாமல் முடியாது, வாட்ஸ்அப் லிங்க் போதாது. இதை பிஹெச்பியில்தான் எழுதப்போகிறேன், சர்வர் பக்கம் எனக்குத் தெரிந்தவற்றில் அதுவே சிக்கனம். வருடத்துக்கு ஒருமுறை, ஆடியில் முகூர்த்தம் இல்லாத வாரத்தில், பதிப்பு மாற்றங்களைப் பார்த்துச் சரிசெய்வதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம் மட்டும் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கும்.