கடற்காற்றும் ஒன்பது ஆண்டு டிக்கெட்டுகளும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள அலுவலகத்தில் கணினிப் பராமரிப்பு என் வேலை. ஊழியர்களின் ஒவ்வொரு கணினிப் புகாரையும் ‘டிக்கெட்’ என்ற பதிவாக்கி, தீரும்வரை பின்தொடர உதவும் மேனேஜ்எஞ்சினின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் மென்பொருளை ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் ஒரு நீள நோட்டும் ஓயாத தொலைபேசியும்தான்.

இதன் பலம் நிறுவனத்தின் பூர்வீகத்தில் இருக்கிறது என்பேன். 1996-இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலானோர் அட்வென்ட்நெட் என்று தொடங்கியபோது, தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் செய்து விற்றார்கள். 2001 வாக்கில் அந்தச் சந்தையே சரிந்தது. கையிலிருந்த அதே வித்தையை அலுவலகங்களின் கணினிப் பிரிவுகள் பக்கம் திருப்பினார்கள். 2002-இல் மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவு வந்தது. ஜோஹோ என்று நிறுவனம் பெயர் மாறியது 2009-இல். நெட்வொர்க்கில் உள்ள கணினிகளையும் பிரிண்டர்களையும் தானே தேடிப் பட்டியலிடுவதில் அந்தப் பழைய கை தெரிகிறது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழையில் எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. நனைந்தவை எவை, எப்போது வாங்கியவை என்று காப்பீட்டுக்காரர் கேட்ட அன்றே பட்டியலைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. கணினிச் சேவைக்கென்று பிரிட்டிஷ் அரசு தொகுத்த ஐடிஐஎல் (ITIL) நடைமுறைப்படி, ‘இன்சிடென்ட்’ வேறு, ‘பிராப்ளம்’ வேறு. இணையம் நின்றுபோவது முதல் வகை. ஏன் திரும்பத் திரும்ப நிற்கிறது என்பது இரண்டாவது. இணையம் நின்றுவிட்டது என்று இரண்டாம் மாடியிலிருந்து மூன்று மாதத்தில் பதினொரு டிக்கெட்டுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்டினோம், சரியானது, டிக்கெட்டை மூடினோம். பதினொன்றையும் ஒரே பிராப்ளத்தின் கீழ் இணைத்த பிறகுதான், அந்தக் கணினிகளின் இணைப்புகள் எல்லாம் கடல் பக்க ஜன்னலோர நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி வழியாகப் போகிறவை என்று தெரிந்தது. திறந்து பார்த்தால், கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு! உப்புக் காற்றின் வேலை. பெட்டியை உள் நடைபாதைக்கு மாற்றினோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பிராப்ளம் பகுதி வேண்டுமானால் எண்டர்பிரைஸ் பதிப்பைக் கேளுங்கள். புகார்ப் படிவத்தைச் சின்னதாக வையுங்கள். நாங்கள் முதலில் பதினான்கு கட்டங்கள் வைத்தோம். ஊழியர்கள் மறுபடி தொலைபேசிக்கே போய்விட்டார்கள். மூன்றாகக் குறைத்த வாரமே திரும்பி வந்தார்கள்.

அந்தப் பிராப்ளம் பதிவை மட்டும் நான் மூடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, அதிலேயே தேதி குறித்து வருகிறேன்.