ஐந்து ரூபாய் டிக்கெட்டில் பிடித்த சிங்கப்பூர் விமானம்

சிங்கப்பூரில் காலணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்ற வேண்டியிருக்கும். சொந்த ஊர் குடியாத்தம். அதனால் வேலையாக வந்தாலும் ஒரு ராத்திரி அம்மாவோடு தங்கிவிடுவேன். போன மாதமும் அப்படித்தான் வந்தேன். திரும்பும் நாளில் விமானத்தைத் தவறவிடப் பார்த்தேன். ஊருக்கு வந்து போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விமானம் இரவு ஒன்பதரைக்கு. ஆம்பூரில் இருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர், சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். மதியம் இரண்டரைக்கு வண்டி சொல்லியிருந்தேன். தொழிற்சாலையில் அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் பிரிவைப் பார்த்து முடித்து, அவர்கள் வற்புறுத்தியதால் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டு, அம்மாவுக்கு வேண்டியவர் ஒருவருக்காக ஒரு பார்சலும் வாங்கிக்கொண்டு இரண்டேகாலுக்கே வாசலில் நின்றேன். வண்டி வந்தது மூன்று முப்பத்தைந்துக்கு. ஏற்பாடு செய்த டிராவல்ஸ்காரர்கள் சொன்ன வண்டியும் இல்லை, சொன்ன டிரைவரும் இல்லை. கடைசி நேரத்தில் மாற்றிவிட்டதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர் இருபத்தைந்து வயதுப் பையன். "எனக்கே இரண்டு மணிக்குத்தான் சொன்னாங்க மேடம்" என்றான். அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

வாலாஜா சுங்கச்சாவடியில் அடுத்த இடி. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை, கேட் திறக்கவில்லை. டிராவல்ஸுக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. இங்கே ஒரு விஷயம். 2025 நவம்பர் 15 முதல், ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டி காசாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று விதி வந்தது. என் யுபிஐ சிங்கப்பூர் எண்ணிலேயே ஓடுகிறது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சில என்று பத்து நாடுகளின் எண்ணில் இதைச் செய்துகொள்ளலாம் என்று 2023-லேயே அனுமதி வந்துவிட்டது. செய்து வைக்காதவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் செய்து வையுங்கள். நான் கட்டிவிட்டேன். ஆனாலும் பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரனுக்கு நடுவே கால் மணி நேரம் போய்விட்டது.

வாலாஜாவில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஆறுவழிச் சாலை வேலை பல வருடமாக நடக்கிறது. மேம்பாலம் கட்டும் இடங்களில் எல்லா வண்டியும் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். சுங்குவார்சத்திரத்தைத் தொட்டபோது மணி ஆறு இருபது. அது ஷிப்ட் முடியும் நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. மேப்பில் நாங்கள் போய்ச் சேரும் நேரம் எட்டு, எட்டு பத்து, எட்டு இருபத்தைந்து என்று ஏறிக்கொண்டே போனது. வெப் செக்-இன் முடித்திருந்தேன். ஆனால் சாம்பிள் பெட்டியை லக்கேஜில் போட்டாக வேண்டும், அந்தக் கவுண்டர் எட்டரைக்கு மூடிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே சாம்பிள்களை வைத்துத்தான் எங்கள் மீட்டிங். வயிற்றைப் பிசைந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஏழு மணி. "பூந்தமல்லி போனா மாட்டிக்குவோம், குன்றத்தூர் வழியா விடட்டுமா?" என்று அந்தப் பையன் கேட்டான். சரி என்றேன். குன்றத்தூர், அனகாபுத்தூர் வரை நன்றாகத்தான் வந்தோம். பம்மல் தாண்டியதும் வண்டி அசையவே இல்லை. ஏழு ஐம்பத்தெட்டு. நான் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இதோ முன்னாடி ஜிஎஸ்டி ரோடு. தாண்டினா பல்லாவரம் ஸ்டேஷன். பீச் போற டிரெயின்ல ஏறுங்க. அடுத்த ஸ்டேஷன் திரிசூலம், அங்கேயே சப்வே, வெளியே வந்தா ஏர்போர்ட்."

மேடம் எப்போது அக்கா ஆனது என்று அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டிக்கெட் கவுண்டரில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். பெட்டியையும் என் முகத்தையும் பார்த்த ஒரு அம்மா, "ஏர்போர்ட்டா? நீ முன்னாடி போம்மா" என்று வழிவிட்டார். அவர் சொன்னதும் மற்றவர்களும் நகர்ந்தார்கள். டிக்கெட் ஐந்து ரூபாய். படிக்கட்டில் ஒரு கல்லூரி மாணவர் கேட்காமலே பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். எட்டு எட்டுக்கு வண்டி வந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் திரிசூலம். சப்வே வழியாக ஜிஎஸ்டி ரோட்டுக்கு அடியில் கடந்து, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நடைபாதையைப் பிடித்து 2-ஆம் முனையத்துக்குள் நுழைந்தேன். 2023-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் கோலங்களை நின்று பார்ப்பது என் வழக்கம். அன்று அது முடியவில்லை. பெட்டி பெல்ட்டில் ஏறியபோது எட்டு இருபத்தாறு.

குடியேற்ற வரிசை நீளமாக இருந்தது. ஆனால் நான் முந்தைய பயணத்திலேயே எஃப்டிஐ-டிடிபி என்ற விரைவுக் குடியேற்றச் சோதனைத் திட்டத்தில் பதிந்து, கைரேகையும் கொடுத்து வைத்திருந்தேன். இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டைக்காரர்களுக்கும் உள்ள திட்டம் அது. சென்னையில் 2025 ஜனவரியில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. தானியங்கி கேட்டில் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டி, ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெளியே வந்துவிட்டேன். ஓசிஐ வைத்திருந்தும் இதில் சேராமல் இருக்கிறவர்கள் தயவுசெய்து சேர்ந்துவிடுங்கள். கைரேகை கொடுக்கும் வரைக்கும்தான் வேலை.

அடுத்த தடவை முதல் நாள் மாலையே ஆம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இருந்து மெட்ரோ பிடித்து, மீனம்பாக்கம் பக்கம் தங்கிவிடப் போகிறேன். அம்மாவோடு இருக்கும் ராத்திரி ஒன்று குறையும், அதுதான் வருத்தம். வண்டி வேண்டுமென்றால் இந்தப் பையனையே நேராகக் கூப்பிடுவேன். எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு அவனிடமிருந்தே போன். "ஏறிட்டீங்களா அக்கா?" ஏறிட்டேன் தம்பி என்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, தொண்டை அடைத்தது. "பிரியாணி பார்சல் பின் சீட்லயே இருக்கு, யார்கிட்டக் கொடுக்கணும்னு சொல்லுங்க, கொடுத்துட்டுப் போறேன்" என்றான். கொடுக்க வேண்டியவர் பெரம்பூரில் இருக்கிறார். அந்த நெரிசலில் இன்னொரு இரண்டு மணி நேரம் அவனை அலைய விட மனம் வரவில்லை. ராத்திரிக்கு நீயே சாப்பிடு, கெட்டுப்போக விட்டுவிடாதே என்று சொல்லிப் போனை அணைத்தேன்.