கேலக்ஸி ஜூ: விண்மீன் திரள்களை வகைபிரிக்கும் தளம், ஒரு விரிவான மதிப்பீடு

விண்மீன் திரள்களைப் பாடப்புத்தகப் படங்களில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள், நிஜ வானாய்வுப் படம் கண்ணில் பட்டதும் தடுமாறிப் போவார்கள். புத்தகத்தில் இருப்பவை பொறுக்கியெடுத்த நான்கைந்து அழகுப் படங்கள். வானத்திலோ பெரும்பாலானவை சாய்ந்தும் மங்கியும் கிடக்கும் சிறு கறைகள். அந்தக் கறைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள கேலக்ஸி ஜூவைவிட நல்ல இலவசத் தளம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கணக்குத் தொடங்காமலேயே உள்ளே போகலாம். தளம் ஒரு திரளின் படத்தைக் காட்டி அதன் தோற்றத்தைப் பற்றிக் கேட்கும், நீங்கள் தரும் விடைதான் வாக்கு. நீங்கள் போடும் ஒவ்வொரு வாக்கும் ஆய்வுக்குப் போய்ச் சேருகிறது.

2007 ஜூலையில் தளம் தொடங்கியபோது, வானத்தைப் பெரும்பரப்பில் படமெடுக்கும் திட்டமான ஸ்லோன் டிஜிட்டல் வானாய்வு எடுத்த சுமார் 9 லட்சம் திரள்களின் படங்கள் இருந்தன. முதல் ஆண்டிலேயே 1.5 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து 5 கோடிக்கும் மேற்பட்ட வகைப்பாடுகளைச் செய்து கொடுத்தார்கள். அப்போதைய கேள்வி எளிமையானது: நீள்வட்டமா, கைகள் சுழன்று விரியும் சுருளா, இரண்டு திரள்கள் மோதிக் கலக்கும் இணைவா? 2009-இல் வந்த இரண்டாம் பதிப்புதான் தளத்தின் உண்மையான பலம். அதில் 11 கேள்விகள், 37 விடைகள். ஒரு விடைதான் அடுத்த கேள்வியைத் தீர்மானிக்கும். வழவழப்பாக இருக்கிறதா, தட்டோ (விண்மீன்கள் தட்டையாகப் பரவிய பகுதி) வேறு அம்சமோ தெரிகிறதா என்று தொடங்கும். தட்டு என்றால், அதைப் பக்கவாட்டில் பார்க்கிறோமா, நடுவில் பட்டை (விண்மீன்கள் நேர்கோடு போலத் திரண்ட பகுதி) உண்டா, சுருள் கைகள் எத்தனை, எவ்வளவு இறுக்கம், மையப் புடைப்பு எவ்வளவு பெரிது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். வகையின் பெயரைக் கேட்காமல் கண்ணில் படுவதைக் கேட்பதால், புதியவர்கள் பெயர் தெரியாமல் திணற வேண்டியதில்லை. பழகியவர்களும் மனதில் இருக்கும் பெயரைப் படத்தின் மேல் ஏற்றிவிட முடியாது.

வாக்களிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லோன் படங்கள் ஒவ்வொன்றும் அந்தத் திரளின் தோற்ற அளவுக்கு ஏற்பப் பெரிதாக்கியோ சுருக்கியோ தரப்படுகின்றன. குறுந்திரளும் பெருந்திரளும் திரையில் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். ஆகவே படத்தை வைத்து நிஜ அளவை ஊகிக்கக் கூடாது.

அதிகம் பிழை நடப்பது முதல் கேள்வியில்தான். மங்கலான கைகள் கண்ணுக்குத் தப்பிவிட, "வழவழப்பு" என்று அவசரமாக அழுத்திவிடுவார்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, அறையை இருட்டாக்கிப் பார்த்தாலே பாதிப் பிழை குறையும். சந்தேகம் தீரவில்லையென்றால் டெசி லெகசி என்ற இன்னொரு வானாய்வின் இணையப் பார்வைக் கருவியில் அதே இடத்தைத் திறந்து, "எச்சம்" அடுக்கைப் போடுங்கள். திரளின் சீரான மாதிரியைப் படத்திலிருந்து கழித்த மிச்சம் அது. ஒளிந்திருந்த கைகளும், பழைய மோதலில் உருவான ஓடு போன்ற வளையங்களும் அதில் பளிச்செனத் தெரியும்.

அடுத்த குழப்பம், சுருட்டு வடிவ நீள்வட்டத் திரளுக்கும் பக்கவாட்டுத் தட்டுக்கும் இடையில். இதற்கு நம்பகமான அளவுகோல் உண்டு. நீள்வட்டத் திரள்கள் ஒரு வரம்புக்கு மேல் தட்டையாவதில்லை. அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் தட்டு என்றே சந்தேகப்படுங்கள். கால் பங்குக்கும் கீழ் என்றால் தயங்க வேண்டாம். நடுவே கறுப்புத் தூசுக் கோடு ஓடினால் கேள்விக்கே இடமில்லை.

பட்டையைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். சாய்ந்த தட்டின் புடைப்பு பட்டை போலவே ஏமாற்றும். கைகள் அதன் இரு முனைகளிலிருந்து கிளம்புகின்றனவா என்று பாருங்கள். கிளம்பினால் அது பட்டைதான். மெனக்கெட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டை, வாயுவை மையத்துக்கு இழுத்துச் செல்கிறது. தட்டின் வாழ்க்கையையே மாற்றக்கூடியது. இந்த வாக்குகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், தட்டுத் திரள்களில் 29 சதவீதத்தில் பட்டை இருந்தது. புடைப்பு பெருத்த சிவப்புத் தட்டுகளை மட்டும் எடுத்தால் அது பாதிக்கும் மேல் போனது. நீல நிறம் தருகிற பெரிய சூடான விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளிலேயே மடிந்துவிடும். புதியவை பிறக்காவிட்டால் திரள் சிவந்துவிடும். பட்டை உள்ள இடத்தில் அந்தப் பிறப்பு முன்னதாகவே நிற்கிறது என்ற கருத்துக்கு இந்த எண்கள் வலுச் சேர்க்கின்றன.

நிறத்தை வைத்து வடிவத்தைத் தீர்மானிப்பதுதான் பெரிய பொறி. சுருள் என்றால் நீலம், நீள்வட்டம் என்றால் சிவப்பு என்ற பொதுவிதிக்கு விலக்கான சிவப்புச் சுருள்களையும் நீல நீள்வட்டங்களையும் தொகுதி தொகுதியாகத் திரட்டிக் காட்டியதே இந்தத் தளத்தின் வாக்குகள்தான். வாக்காளர்கள் நிறத்தைப் பார்த்து அழுத்தியிருந்தால் அவை வெளிவந்திருக்காது.

இணைவுக் கேள்வியில், இரண்டு திரள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிவதே போதாது. ஒன்று வெகு பின்னால் இருக்கலாம். நீண்ட வால், இரண்டையும் இணைக்கும் பாலம், ஒருபக்கம் இழுபட்ட தட்டு ஆகியவற்றில் ஏதாவது வேண்டும். இரண்டும் குலையாமல் சமச்சீராக இருந்தால் பெரும்பாலும் அது பார்வைக்கோட்டின் தற்செயல்.

எதிலும் சேராதவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. 2007-இல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து ஆசிரியை, ஐசி 2497 திரளுக்கு அருகே ஒரு நீலக் கறையைக் கண்டார். அந்தத் திரளின் மையம் முன்பு குவாசராக (கருந்துளைக்குள் விழும் பொருளால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மையமாக) எரிந்தபோது அயனியாக்கிய வாயு அது. மையம் மங்கிய பிறகும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. 2009-இல் "பச்சைப் பட்டாணி" என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட சிறு திரள்களும் வாக்காளர்கள் கண்டெடுத்தவையே. இரண்டுக்கும் நிறம் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஆக்சிஜன் வரிதான் (அந்த வாயு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் வெளியிடும் ஒளி), அதன் அலைநீளம் 500.7 நானோமீட்டர். பிரபஞ்சம் விரிவதால், தொலைவு கூடக் கூட நம்மை வந்தடையும் ஒளியின் அலைநீளம் நீளும்; இதுவே செம்பெயர்ச்சி. ஹன்னியின் பொருள் நமக்கு அருகில் இருப்பதால் வரி சுமார் 526-க்கு நகர்ந்து, படத்தில் நீலமாகக் காட்டப்படும் வடிகட்டியில் விழுகிறது. பட்டாணிகள் இன்னும் தொலைவில் இருப்பதால் அது 557-க்கு அப்பால் போய், பச்சையாகக் காட்டப்படும் வடிகட்டிக்குள் நுழைந்துவிடுகிறது. திரையில் தெரியும் நிறத்துக்குள் தொலைவும் கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

குறைகள் உண்டு. உங்கள் விடை சரியா தவறா என்று தளம் சொல்லாது. கற்க வருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான், ஆனால் ஆய்வுக்கு அவசியம். விடையைக் காட்டினால் அடுத்த வாக்குகள் அந்தப் பக்கமே சாயும். இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு திரளும் சுமார் 40 பேரிடம் போனது இதற்காகத்தான். ஒருவர் தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் தவறினால்? சுருள்களின் திசையையும் கேட்ட முதல் பதிப்பில், இடஞ்சுழிச் சுருள்களுக்கே அதிக வாக்கு விழுந்தது. படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கொடுத்தும் இடஞ்சுழியே முந்தியதால், சாய்வு பிரபஞ்சத்தில் இல்லை, மனிதப் பார்வையில்தான் என்று தெரிந்தது. சந்தேகத்தைச் சோதித்து, முடிவை வெளிப்படையாக எழுதிவைத்த அந்த நேர்மைக்காகவே இந்தத் தரவை நம்பலாம்.

தொலைவு தரும் பிழை இன்னும் ஆழமானது. செம்பெயர்ச்சி 1 என்றால் மேற்பரப்பு ஒளி 16 மடங்கு மங்கும். கைகள்தான் முதலில் மறையும், தட்டு வழவழப்பாகிவிடும். ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில், வெகு தொலைவில் இருப்பதால் பழைய ஒளியில் நாம் பார்க்கும் பழங்காலத் தட்டுகள் வாயு மிகுதியால் கட்டிகட்டியாக இருப்பதைக் காணலாம். அங்கே கட்டிகளுக்கென்றே தனிக் கேள்விகள் சேர்த்தது நல்ல முடிவு. அருகிலுள்ள திரள்களைச் செயற்கையாகத் தொலைவுக்குத் தள்ளிய படங்களையும் வாக்குக்கு வைத்துத்தான் இந்த மங்கலைக் கணக்கிட்டார்கள்.

இன்று வாக்குகளைக் கொண்டு ஜூபாட் என்ற கணினி நிரலைப் பயிற்றுவிக்கிறார்கள். தொலைதூரத் திரள்களைப் படமெடுக்கும் யூக்ளிட் விண்கலத்தின் 2025 மார்ச் வெளியீட்டில் 3,80,000-க்கும் அதிகமான திரள்களை அது வகைபிரித்தது.

இரண்டாம் பதிப்பின் தரவை இறக்கி நீங்களே ஆராய விரும்பினால், மூல வாக்கு விகிதத்தை எடுக்காதீர்கள். தொலைவுப் பிழை திருத்திய விகிதத்தை எடுங்கள். முகம் நம்மை நோக்கியிருக்கும் தட்டுகள் மட்டும் வேண்டுமென்றால், அம்சம் அல்லது தட்டு என்ற விடைக்கான விகிதம் 0.430-க்கு மேல், பக்கவாட்டு அல்ல என்பதற்கு 0.715-க்கு மேல், அந்த விடைக்குக் குறைந்தது 20 வாக்குகள் என வடிகட்டுங்கள். இந்த வரம்புகளைத் தளர்த்தினால் சாய்ந்த தட்டுகள் உள்ளே வந்து, பட்டைகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.