சபைக்கு சிசிஎல்ஐ லைசென்ஸ்: ஒரு ஸ்லைடு போடுகிறவனின் கருத்து

எங்கள் சபையில் புரொஜெக்டருக்கு ஸ்லைடு போடுகிற ஊழியம் எனக்கு. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஆராதனைக் குழுவிலிருந்து "பிரதர், கடைசிப் பாட்டு மாத்தியாச்சு" என்று வாட்ஸ்அப் வரும், நான் தூக்கக் கலக்கத்தில் இணையத்தில் வரிகளைத் தேடி அப்படியே ஒட்டிவிடுவேன், மறுநாள் காலையில் இரண்டாவது சரணத்தில் ஒரு வரி இருக்காது. பல வருஷம் இப்படியே ஓடியது. காப்பிரைட் பற்றி யாராவது வாயெடுத்தால் "கர்த்தருக்குப் பாடுற பாட்டுக்கு யாருப்பா கேஸ் போடப் போறா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நேரலை ஆரம்பித்த பிறகு ஒரு வீடியோவின் மேல் உரிமை கோரல் வந்து நின்றபோதுதான் எல்லாருக்கும் பயம் பிடித்தது, சபைகளுக்குப் பாடல் உரிமம் தரும் சிசிஎல்ஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் உரிமமும் வாங்கினோம்.

வாங்குமுன் எங்களுக்கே ஒரு தப்புக் கணக்கு இருந்தது: பாடுவதற்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று நினைத்தோம். அப்படி இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(3) பிரிவை எடுத்துக்கொண்டால், வழிபாட்டு இடத்தில் ஆராதனையின் நடுவில் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வரிகளை ஸ்லைடில் ஏற்றினால் அது பிரதி, தாளில் அச்சடித்தால் பிரதி, ஆராதனையைப் பதிவு செய்தாலும் பிரதி. உரிமம் இந்தப் பிரதி எடுக்கிற வேலைக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பதிப்பாளருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் 1988-ல் போர்ட்லாண்டில் இந்த நிறுவனமே தொடங்கியது. ஒரே வருடக் கட்டணம், அதில் சேர்ந்திருக்கிற எல்லாப் பதிப்பாளர்களின் பாடல்களும்.

கட்டணம் சபைக்கு வருகிறவர்களின் சராசரி எண்ணிக்கையைப் பொறுத்தது. சாட்சி சொல்லும்போது சொல்கிற எண்ணிக்கை வேறு, இந்தப் படிவத்தில் எழுதுகிற எண்ணிக்கை வேறு என்று எங்கள் பொருளாளர் சிரித்தார்.

எனக்குப் பிடித்தது உரிமத்தைவிட சாங்செலக்ட் என்ற சிசிஎல்ஐ-யின் பாடல் தேடல் சேவைதான். இதற்குத் தனிச் சந்தா, உரிமத்தோடு தானாக வராது, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பாடலைத் தேடினால் பதிப்பாளர் தந்த சரியான வரிகள் வரும், மேல் நிலைச் சந்தா என்றால் கீபோர்டு, கிட்டாருக்கான கார்டு (chord) குறிப்பும் நொட்டேஷனும் வரும், வேண்டிய சுருதிக்கு மாற்றியும் எடுக்கலாம். ஒரு ஞாயிறு காலை பாடுகிற அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஜி-யில் இருந்த பாட்டை ஈ-க்கு இறக்கிப் புதுத் தாள் எடுத்து கீபோர்டுத் தம்பி கையில் கொடுக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புரோபிரசன்டர், ஓப்பன்எல்பி மாதிரி ஸ்லைடு காட்டும் மென்பொருள்களுக்கும் அங்கிருந்து பாடலைக் கொண்டுவரலாம். கூச்சமான ஒரு விஷயமும் தெரிந்தது: எங்கள் சபை பல வருஷமாக வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டில் இரண்டு வரிகள் தப்பு. தப்பாகத் தட்டியது நான்தான்.

ஸ்லைடின் அடியில் பாடல் பெயர், எழுதியவர், உரிமையாளர், வருடம், நம் உரிம எண் இவ்வளவும் போட வேண்டும். யாரும் படிக்க மாட்டார்கள் என்று சிறிய சாம்பல் எழுத்தில் போட்டேன், முதல் வாரமே ஒரு பெரியவர் வந்து "இந்தப் பாட்டை எழுதினவர் இவரா?" என்று கேட்டார்.

பழைய பாட்டுதானே, இலவசம்தானே என்று நினைக்கிற இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அமேசிங் கிரேஸ் 1779-ல் அச்சான ஜான் நியூட்டனின் வரிகள், அது யாருக்கும் சொந்தமில்லை, சிசிஎல்ஐ-யில் அதன் பாடல் எண் 22025. அதே வரிகளோடு புதுப் பல்லவி சேர்த்து 2006-ல் வந்த வடிவத்துக்கோ உரிமையாளர் இருக்கிறார். உங்கள் குழு எதைப் பாடுகிறது என்று பார்த்துத்தான் பாடல் எண்ணைப் போட வேண்டும்.

அப்புறம் ரிப்போர்ட்டிங், அதாவது எந்தப் பாட்டைப் பயன்படுத்தினோம் என்று சிசிஎல்ஐ-க்குக் கணக்குக் கொடுப்பது. எந்தப் பாட்டை அச்சடித்தோம், கணினியில் ஏற்றினோம், பதிவு செய்தோம், மொழிபெயர்த்தோம் என்று நான்கு வகையாகப் பதிய வேண்டும். அதிகம் பதிந்தால் அதிகம் கட்ட வேண்டி வராது, நாம் கட்டிய பணம் எந்தப் பாடலாசிரியருக்குப் போக வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. வாராவாரம் செய்தால் ஐந்து நிமிஷ வேலை. நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, பழைய வாட்ஸ்அப் செய்திகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளி எந்த ஞாயிறு என்ன பாடினோம் என்று தேடியதில் ஒரு மதியமே போனது.

இனி குறைகள். பாடகர் குழுவுக்கான அச்சிட்ட நான்கு குரல் இசைத்தாள்களை இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. நான் 18 பிரதி எடுத்து முடித்த பிறகுதான் விதிமுறையைப் படித்தேன், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புத்தகம் வாங்கினோம். நேரலைக்கு ஸ்ட்ரீமிங் உரிமம் தனியாக வாங்க வேண்டும், அதிலும் உங்கள் குழுவே வாசித்துப் பாடுவதற்குத்தான் அனுமதி, கலைஞரின் அசல் பதிவை ஓடவிட அனுமதி இல்லை. மல்டிடிராக், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான இசையை ஓடவிட்டுப் பாடுகிற குழு என்றால் ஸ்ட்ரீமிங் பிளஸ் என்ற மேல் நிலை உரிமம் வேண்டும். இவ்வளவும் வாங்கிய பிறகும் வீடியோ தளங்களில் உரிமை கோரல் வரத்தான் செய்யும், ஏனென்றால் அங்கே கண்டுபிடிப்பது இயந்திரம், அதற்கு உங்கள் உரிமம் தெரியாது. உரிம எண்ணைக் கொடுத்து மறுப்புப் பதிய வேண்டும், அலுப்பான வேலை. ஒரே விலையில் எல்லாம் முடிந்தது என்று போதகர் சபையில் அறிவித்திருந்ததால் நேரலை உரிமத்துக்கு மறுபடி பணம் கேட்கப் போனபோது எனக்குத்தான் சங்கடம்.

வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கடந்த மூன்று மாதம் பாடிய பாடல்களைப் பட்டியல் போட்டு, சிசிஎல்ஐ தேடலில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். புதிய துதிப் பாடல்கள் அதிகம் என்றால் இதுதான் சரி. திருப்பலிப் பாடல்கள், பிரான்ஸின் தெய்சே துறவியர் குழுவின் பாடல்கள், ஜிஐஏ, ஓசிபி ஆகிய பதிப்பாளர்களின் வெளியீடுகள் என்று பாடுகிற சபையானால் ஒன் லைசென்ஸ் என்ற இன்னொரு உரிம நிறுவனத்தின் பக்கம் போங்கள், அங்கே ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும்கூட உரிமம் கிடைக்கும். இரண்டிலும் இல்லாத பாட்டுக்கு எழுதியவரிடமே நேரில் கேட்க வேண்டியதுதான்.

நாங்கள் இந்த வருஷமும் புதுப்பித்துவிட்டோம், சாங்செலக்ட், நேரலை உரிமம் இரண்டையும் சேர்த்து. பிளஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், தம்பி தன் கையால்தான் வாசிக்கிறான்.