ஈஎஸ்பி32 போர்டு: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

அப்பாவுக்குக் காது மந்தமாகி இரண்டு வருடம் ஆகிறது. பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். வாசலில் யார் மணி அடித்தாலும், பின்னறையில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கேட்பதில்லை. மணியை அழுத்தினால் அவர் மேசையில் ஒரு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. அதற்காக வாங்கியவைதான் இந்த இரண்டு ஈஎஸ்பி32 போர்டுகள். நாம் எழுதும் நிரலை ஏற்றினால் பொத்தான், விளக்கு, சென்சார் போன்றவற்றை இயக்கும் சின்னக் கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மின்னணுவியல் படித்தவள் இல்லை, கணக்கெழுதுவதுதான் வேலை. இதே மாதிரியான, ஆனால் இன்னும் எளிமையான ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டில் நாலைந்து சின்ன வேலைகள் செய்து பார்த்த பழக்கம் மட்டும் இருந்தது.

ஊனோவிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இதன் திறன். ஊனோவில் 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம். இதில் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர், 520 கிலோபைட் ரேம். வைஃபை, புளூடூத் இரண்டும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த சிப் இது. அதற்கப்புறம் எத்தனையோ புது வகைகள் வந்துவிட்டன. தெரிந்தேதான் பழையதை எடுத்தேன். எந்தச் சிக்கலில் மாட்டினாலும், முன்பே அதில் மாட்டி வெளியே வந்து விடையையும் எழுதிவைத்தவர் ஒருவராவது இருக்கிறார். தனியாக உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு 240 மெகாஹெர்ட்ஸைவிட அதுதான் பெரிய பலம்.

மணி விளக்குக்கு நான் பயன்படுத்தியது ஈஎஸ்பி-நவ் என்ற வசதி. இரண்டு போர்டுகளும் ரவுட்டர் இல்லாமலே நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஒரு செய்தியில் 250 பைட்டாவது அனுப்பலாம், எனக்கு ஒரே ஒரு பைட் போதும். பெறுகிற போர்டின் மேக் முகவரியை, அதாவது அதற்கே உரிய அடையாள எண்ணை, அனுப்புகிற போர்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இடையில் இரண்டு சுவர்கள் இருக்கின்றன. பொத்தானிலிருந்து கை எடுப்பதற்குள் விளக்கு எரிகிறது. இணையம் போனாலும் மணி போகாது. இந்த ஒன்றுக்காகவே இந்த போர்டை யாருக்கும் சொல்வேன்.

சரி, குறைக்கு வருகிறேன். மாட்டிய முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு விளக்கு தானாக எரிந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. விடிவதற்குள் இன்னும் மூன்று முறை. காலையில் என்னிடம் எதுவும் சொல்லாமல் விளக்கின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். நான் உட்கார்ந்து தேடியதில் கிடைத்த காரணம் இது: பொத்தானை 34-ஆம் பின்னில் (பின் என்பது போர்டின் ஓரத்தில் ஒயர் மாட்டும் கம்பி) கொடுத்து, நிரலில் புல்அப் என்று எழுதியிருந்தேன். பொத்தானை அழுத்தாதபோது பின்னின் மின்னழுத்தத்தை மேலேயே பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்தான் புல்அப். ஆனால் 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்அப் ரெசிஸ்டரே கிடையாது. நிரல் பிழை எதுவும் காட்டாது, பின் மட்டும் அந்தரத்தில் தொங்கும். பக்கத்து ஒயரில் ஏதாவது சலனம் வந்தாலே அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். பொத்தானை 33-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக எரியவில்லை.

சிப்பைச் செய்தவர்கள் இதைத் தங்கள் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். போர்டைச் செய்தவர்கள்தான் விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த 30 பின் போர்டில் தயாரித்தவர் பெயர் இல்லை, பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. டி33, டி34 என்று ஒரே வரிசையில் ஒரே எழுத்தில் அச்சிட்டிருந்தால், இரண்டும் ஒரே மாதிரி என்றுதான் புதிதாக வருகிறவர் நினைப்பார். அப்படி இல்லை. 34 முதல் 39 வரையுள்ளவை உள்ளீட்டுக்கு மட்டும், அவற்றில் எல்இடி எரியாது. 12-ஆம் பின்னில் போர்டு விழிக்கும் நேரத்தில் மின்னழுத்தம் இருந்தால் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3-க்குப் பதிலாக 1.8 வோல்ட் போய், போர்டு கிளம்பவே கிளம்பாது. 25, 26, 27 போன்றவற்றில் சென்சாரின் அனலாக் அளவை (ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை) எடுக்கலாம், ஆனால் வைஃபை ஓடும்போது முடியாது. செடித்தொட்டியின் ஈரத்தை அளக்க சென்சாரை 25-இல் மாட்டிவிட்டு, வைஃபையைச் சேர்த்ததும் அளவு வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்சாரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 32-க்கு மாற்றியதும் சரியாயிற்று. இந்த விதிகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். சால்டர் வைப்பதற்கு முன்னால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

போர்டின் அகலமும் தொந்தரவுதான். பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் ஒயர்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகை) குத்தினால் ஒரு பக்கம் ஒரே வரிசைத் துளை மிஞ்சுகிறது, மறுபக்கம் அதுவும் இல்லை. இரண்டு பிரெட்போர்டுகளை ஒட்டவைத்து நடுவில் குத்திக்கொண்டேன்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளக்குக்கு 16 எல்இடி உள்ள வளையம் ஒன்றை எடுத்தேன், டபிள்யூஎஸ்2812 வகை. முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 16-க்குக் கணக்குப் போட்டால் 960. மடிக்கணினியின் யுஎஸ்பி 2.0 துளை தருவதோ 500. நான் அந்தக் கணக்கைப் போடாமல் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டினேன். விளக்கு எரிய வேண்டிய ஒவ்வொரு முறையும் போர்டு மறுபடி மறுபடி தொடங்கியது, திரையில் 'பிரவுன்அவுட்' என்ற வரி வந்துகொண்டே இருந்தது. மின்னழுத்தம் சரிந்ததும் போர்டு தன்னைக் காத்துக்கொள்கிறது, அது நல்ல விஷயம்தான். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை வளையத்துக்குத் தனியாகக் கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் ஒயரை) மட்டும் போர்டோடு இணைத்தேன். இன்னொன்று: இந்த எல்இடிகள் 5 வோல்ட்டில் ஓடும்போது சிக்னல் 3.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. போர்டு தருவது 3.3. அரையடி ஒயரில் எனக்கு ஓடுகிறது. நீள ஒயர் என்றால் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் லெவல் ஷிஃப்டர் ஒன்று வைத்துவிடுங்கள்.

பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த போர்டை நான் சொல்லமாட்டேன். வேலையில்லாத நேரத்தில் சிப் பெரும்பாலும் அணைந்துகிடக்கும் ஆழ்ந்த உறக்கத்தில் அது எடுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவுதான். அதை நம்பி, செடித்தொட்டி சென்சாரை 4 ஏஏ செல்களில் வைத்தேன். பத்தாம் நாள் அணைந்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் உறக்கத்திலேயே கிட்டத்தட்ட 10 மில்லியாம்பியர், அதாவது ஆயிரம் மடங்கு. சிப் உறங்குகிறது, ஆனால் போர்டிலுள்ள மின்னழுத்தச் சீராக்கியும், யுஎஸ்பி சிப்பும், அந்தச் சிவப்பு விளக்கும் உறங்குவதில்லை. பேட்டரி வேலைக்கென்றே வடிவமைத்த போர்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தேடி வாங்குங்கள்.

நிரலை ஏற்றும்போது 'பூட்' பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தொல்லை இரண்டில் ஒரு போர்டில் இருந்தது. ஈஎன் பின்னுக்கும் (போர்டை மறுபடி தொடங்கவைக்கும் பின்) கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்ததும் தீர்ந்தது. அப்புறம், போர்டைக் கணினி கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவு போகாது.

யார் வாங்கலாம்? வீட்டில் சுவர் மின்சாரத்தில் ஓடுகிற, வைஃபை வேண்டிய எந்த வேலைக்கும் தயங்காமல் வாங்கலாம். இதுவரை எதுவுமே செய்து பார்க்காதவர் என்றால் ஊனோவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். அது 5 வோல்ட்டைத் தாங்கும். இதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கெட்டுப்போகலாம்.

அப்பா ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம், பின்வாசலுக்கும் ஒரு பொத்தான் வேண்டும், அதை அழுத்தினால் விளக்கு நீலமாக எரிய வேண்டும் என்று கேட்டார். மூன்றாவது போர்டுக்குச் சொல்லியிருக்கிறேன். பொத்தான் 33-இல்தான்.