உடம்பைப் பற்றிய கவலையை அளப்பதா, மதிப்பை அளப்பதா?

உடல் பிம்பத்தை, அதாவது தன் உடம்பைப் பற்றி ஒருவர் மனதில் இருக்கும் எண்ணத்தை, அளக்கக் கேள்வித்தாள் தேடுகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் 1987-இல் வந்த பாடி ஷேப் க்வெஸ்ஷனேர்தான். கடந்த 4 வாரங்களைப் பற்றி 34 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை 1 முதல் 6 மதிப்பெண், ஆக மொத்தம் 34-இலிருந்து 204 வரை போகும். உடம்பை நினைத்து அழுதது உண்டா, சதை குலுங்குமே என்று ஓடாமல் இருந்ததுண்டா என்று நேராகவே கேட்கும். உணவுக் கோளாறுக்கு (பட்டினி கிடப்பது, அளவின்றி உண்பது போன்ற மனநலச் சிக்கலுக்கு) சிகிச்சை எடுப்பவரிடம் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க இது நன்றாக உதவும். ஆனால் பெண்களை மனதில் வைத்து எழுதியது, கவலையை மட்டுமே பார்ப்பது.

2015-இல் வந்த பாடி அப்ரிசியேஷன் ஸ்கேல்-2 வேறு திசை. 10 வாக்கியம், 1 முதல் 5 வரை, சராசரி எடுத்தால் முடிந்தது. உடலை மதிக்கிறேனா, அதன் தேவைகளைக் கவனிக்கிறேனா என்பதுதான் பேச்சு.

கவலை இல்லாதவருக்கு உடல்மேல் பிரியம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சரி, கவலை மதிப்பெண் குறைவு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று முதல் கேள்வித்தாளை மட்டும் பார்த்து ஒருவரை அனுப்பிவிடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. கல்லூரி மாணவர்களிடம் பொதுவாகக் கேட்பதென்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். 34 தடவை உடம்பின் குறையையே துருவிக் கேட்டால், கடைசிப் பக்கம் வருவதற்குள் அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.